ஆறாம் படிக்கு ஓர் ஆள்

நாடு தன் கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை என்று உலகத்துக்கு அறிவித்த சித்திரை மாதத்திலிருந்து, பனிச்சந்துறைப் பெற்றோல் செட்டில் வேலை பார்த்த மரியநாயகத்துக்கு வாயில் இருந்த சொற்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. மோட்டார் சைக்கிள்காரர் வந்து கேட்டால் இல்லை, மீன் லொறிக்காரர் வந்து கேட்டால் இல்லை, உழவு இயந்திரத்தை வயலிலேயே விட்டுவிட்டு வெறுங் கலனோடு நடந்து வந்த கமக்காரர் கேட்டாலும் இல்லை, பிறகு யாரும் கேட்காமலே முகத்தைக் கண்டதும் இல்லை. நாற்பத்தேழு வயது, கலியாணம் கட்டாதவர், இருபத்திரண்டு வருடமாக அதே பம்புக்குப் பக்கத்தில் நின்றவர், ஊரில் எவருடைய வண்டிக்கும் டாங்கி மூடி எந்தப் பக்கம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடியவர். அப்படிப்பட்ட மனுசன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சமாதானம் சொல்லக் கை நீட்டினால், பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் கை கொடுக்காமல் சட்டைப்பையில் கைலேஞ்சியைத் தேடத் தொடங்கினார்கள்.

வரிசை செட் வாசலில் தொடங்கி, கோயில் மதிலைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, உப்பளத்து வேலி வரைக்கும் போய் அங்கே இரண்டாக மடிந்து திரும்பி வந்தது. வைகாசி பிறந்தபோது அதற்குள்ளே ஒரு குடித்தனமே நடந்தது. ஓட்டோக்களின் பின்சீற்றில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள், லொறி நிழலில் ஒருவர் முடி வெட்டினார், இரண்டு வீட்டார் அங்கேயே சம்பந்தம் பேசி முடித்தார்கள்.

அந்த நாட்களில்தான் தலைநகரத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்து, எந்த நாட்டுச் சனம் எவ்வளவு சந்தோசமாக இருக்கிறது என்று உலகம் முழுக்க விசாரிக்கிறார்கள், உங்களுக்கும் ஒரே ஒரு கேள்விதான் என்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போனார்கள். ஓர் ஏணியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பத்துப் படி, உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த வாழ்க்கை பத்தாம் படியில் இருக்கிறது, ஆக மோசமானது தரையில் இருக்கிறது, இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? பதிலை எழுதிக்கொண்டு பெண்கள் பின்னேர பஸ்ஸில் போய்விட்டார்கள். ஆனால் வரிசைக்கு வேறு வேலை இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் படுத்தபடியும் இருந்தபடியும் அந்த ஏணியையே நினைத்துக்கொண்டு கிடந்தது. விடிந்து பார்த்தபோது, செட்டில் ரயருக்குக் காற்றடிக்கும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், எதிலும் சாயாமல், பத்துப் படியோடு ஏணி நின்றது.

யாரும் பெரிதாக வியக்கவில்லை. அந்த மாதங்களில் மின்சாரம் வந்தால்தான் சனம் வியந்தது. என்ன மரம் என்று தச்சர்கள் தட்டிப் பார்த்தார்கள், நாய் ஒன்று மோந்து பார்த்துவிட்டு அடியில் படுத்தது, மத்தியானத்துக்குள் அதன் குணம் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. அவரவருக்கு உரிய படி வரைக்கும் சாதாரணமாக ஏறலாம். அதற்கு மேலே படி கண்ணுக்குத் தெரியும், காலுக்கு இருக்காது.

முதல் நாள் திருவிழா மாதிரித்தான் இருந்தது. இரண்டு கடையும் ஒரு அரிசி ஆலையும் வைத்திருந்தவர் மூன்றாம் படியில் நின்று காலைத் துழாவினார், அவருடைய ஆலையில் மூட்டை தூக்குபவர் ஐந்தாம் படியிலிருந்து குனிந்து பார்த்தார். இரண்டாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருடம் ஒன்றாக வாழ்ந்த ஒருத்தி, தன் புருசன் முதலாம் படியோடு நின்றதைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு வழக்கம் வந்தது. ஒருவர் ஏணியில் கால் வைத்தால் வரிசை முழுதும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அவர் இறங்கிச் செருப்பைப் போடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பும்.

மரியநாயகம் எல்லாரும் திரும்பி நின்ற ஒரு காலை வேளையில் முதலாம் படியில் காலை வைத்தார். கால் நேரே தரைக்கு வந்தது. மற்றக் காலை வைத்தார். அதுவும் வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு பம்படிக்கு வந்து நின்றார், அவருக்கு அதில் புதினம் ஒன்றும் இருக்கவில்லை.

ஏணி வருவதற்கு முன், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குணபாலசிங்கம் மாஸ்டர் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். பின்சீற்றில் அவருடைய தாய் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். அம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போய்விட்டது, இரண்டு லீற்றர் தா நாயகம் என்று மாஸ்டர் கேட்டார். நாயகம் இல்லை என்றார். மாஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, ஓட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். தாய் பாதி வழியில் முடிந்துபோனாள். அன்றைக்கு நிலத்தடி டாங்கியில் இருநூறு லீற்றர் இருந்தது. அது அவசரத்துக்கு என்று ஒதுக்கியது, அதிகாரியின் கடிதம் இல்லாமல் தொடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடிதம் தர அதிகாரி இல்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த எண்ணெய்க்கு மேலே நின்றுகொண்டு தான் இல்லை என்று சொன்னதை நாயகம் யாரிடமும் சொல்லவில்லை.

ஏணியின் பயன் மூன்றாம் நாள் தெரிந்தது. கலியாணம் முடித்து ஒன்பது நாளான அஸ்மின் என்ற மீன் லொறிச் சாரதி ஆறாம் படிக்கு ஏறி, அங்கிருந்து ஆத்துப் பாலம் தெரிகிறது, பாலத்தில் எண்ணெய் பவுசர் வருகிறது என்று கூப்பிட்டுச் சொன்னான். பவுசர் எப்போது வரும் என்று தெரியாமல் இரவு பகலாகக் காவல் கிடந்த வரிசைக்கு அன்றைக்குத்தான் இருபது நிமிடம் முன்கூட்டிச் செய்தி கிடைத்தது. வீட்டுக்குச் சமைக்கப் போனவர்கள் ஓடி வந்தார்கள், அடிபிடி இல்லாமல் எண்ணெய் பங்கிடப்பட்டது. அன்றிலிருந்து ஆறாம் படியில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும் என்று ஆகிவிட்டது. ஐந்தாம் படியிலிருந்து பார்த்தால் ஆலமரம் மறைத்தது.

அஸ்மின் நாலு நாள் நின்றான். ஐந்தாம் நாள் அவனால் நாலாம் படிக்கு மேலே போக முடியவில்லை. விசாரித்ததில், வீட்டில் மனைவி சஹ்லாவோடு மனத்தாங்கல் என்று தெரிந்தது. வரிசை கூடிப் பேசி மூன்று பெண்களைச் சஹ்லாவிடம் அனுப்பியது. அவர் என்னோடு கதைக்கிறதே இல்லை, உள்ள கதையெல்லாம் வரிசையில் கதைத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிறார் என்று அவள் அழாமல் சொன்னாள். பெண்கள் வந்து சொன்னதும் அஸ்மினை வரிசை வீட்டுக்குக் கலைத்தது. வரிசை நகர நகர அவனுடைய லொறியை மற்றவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள், மூன்று நாள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கட்டளை. திரும்பி வந்தவன் இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

ஆனால் ஒருவனை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று வரிசை கண்டுகொண்டது. ஆகவே ஆட்களை ஆறாம் படிக்குத் தயார்ப்படுத்துகிற வேலையில் இறங்கியது, அந்த வேலையில் பல விசயம் படித்தது. பசியோடு இருப்பவருக்குச் சாப்பாடு கொடுத்தால் சட்டென்று மூன்று படி ஏறுவார், அதற்குப் பிறகு எத்தனை பார்சல் கொடுத்தாலும் அங்கேயே நிற்பார். சும்மா இருந்த தச்சரிடம் இரக்கம் காட்டியபோது அவர் ஒரு படி இறங்கினார், பள்ளிக்கூடத்து வாங்குகளைத் திருத்தித் தா என்று கேட்டபோது இரண்டு படி ஏறினார். மரவள்ளிக் கிழங்கு விற்ற பெண்ணுக்கு, வெளிநாட்டில் இருந்த மகன் தொலைபேசி எடுத்த நாளில் ஏழு. ஒருவரை ஆறாம் படிக்கு ஏற்ற மினக்கெட்டவர்கள், தாங்களும் ஏதோ ஒரு படி கூட ஏறியிருப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள்.

எட்டாம் படிக்குப் போன ஒரே ஆள் நளாயினி மிஸி. ஐந்து கிராமத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தர், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது அவர் வேலை. புருசன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கனடா போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். ஸ்கூட்டரை வரிசையில் விட்டுவிட்டு நாளுக்குப் பத்து மைல் நடந்தார். எட்டாம் படியிலிருந்து கடல் தெரிந்தது, கடலில் எண்ணெய்க் கப்பல் தெரிந்தது. காசு கைக்கு வராமல் இறக்கமாட்டோம் என்று நங்கூரம் போட்டு நின்ற அந்தக் கப்பல் இன்றைக்கு எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்று மிஸி தினமும் பார்த்துச் சொல்வார்.

உங்களுக்கு மட்டும் எப்படி எட்டு என்று கேட்டவர்களிடம், இன்றைக்கு ஒரு பிள்ளை நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது என்றார், வேறு ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்றார்.

ஒருநாள் அவர் இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டே நாயகத்திடம் கேட்டார்.

"நீங்கள் ஏன் ஏறிப் பாக்கேல்லை?"

"செருப்பு வழுக்குது மிஸி."

ஏணியில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. அடுத்த நாளிலிருந்து மிஸி, நடக்கப் புறப்படுமுன் தன் ஃபிளாஸ்கின் மூடியில் பாதித் தேத்தண்ணியை ஊற்றிப் பம்புக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். நாயகம் அதை ஆறவிட்டுத்தான் குடிப்பார், சூடாகக் குடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆனி மாதத்தில் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, எல்லாரும் திரும்பி நின்ற நேரத்தில் தான் மட்டும் திரும்பாமல், எட்டாம் படியில் நின்ற மிஸியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். நெருக்கடியிலும் மகிழும் பனிச்சந்துறை என்று கொட்டை எழுத்தில் வந்தது. இரண்டு கிழமையில், பாதிப்புக் குறைந்த இடம் என்று பனிச்சந்துறைக்கு வந்த மண்ணெண்ணெய் நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடிய வள்ளங்கள் கரையேறின, அடுப்பெரிக்க வேலிக் கதிகால்கள் பிடுங்கப்பட்டன.

மிஸி பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு செட்டுக்கு வந்தார். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை, அன்றைக்கும் போடவில்லை.

"நான் சந்தோசமா இருக்கிறது என்ர சொந்த விசயம். அதைக் காட்டி ஒருத்தற்ற அடுப்பை அணைக்கேலாது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஏறவில்லை. இது நடந்து கொஞ்ச நாளில், ஏணியைப் பார்க்கக் கடன் கொடுத்த நாடுகளின் சார்பில் ஓர் அம்மா வருகிறார், கூடவே அமைச்சிலிருந்து ஒரு செயலாளர் வருகிறார், யார் எவ்வளவு ஏறுகிறார்கள் என்பதை வைத்து உதவியைத் தீர்மானிப்பார்களாம் என்று செய்தி வந்தது. வரிசை கூடி ஒரே முடிவாக எடுத்தது. அன்றைக்கு யாரும் ஏணியில் கால் வைப்பதில்லை. உயர ஏறினால் இவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்பார்கள், ஏற முடியாத மாதிரி நடித்தால் அது பொய், பொய்யும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

வந்தார்கள். வெள்ளைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், வெயிலில் கன்னம் சிவந்திருந்தது. அவருடைய நாடு வடக்கே பனிக்குள் இருக்கிறது, சந்தோசத்தில் வருடா வருடம் முன்வரிசையில் நிற்கிற நாடு என்று மொழிபெயர்த்த பெடியன் சொன்னான். அம்மா தானாகவே சப்பாத்தைக் கழற்றினார். வரிசை வழக்கப்படி மறுபக்கம் திரும்பியது. ஏதோ மரியாதைக் குறைவு என்று செயலாளர் பதறி, திரும்புங்கள் திரும்புங்கள் என்றார், ஒருவரும் திரும்பவில்லை. அம்மா ஏற்கெனவே நாலாம் படியில் நின்றார். அதற்கு மேலே அவர் முயலவில்லை. அங்கேயே இருந்துகொண்டு, தன்னைப் பார்க்காமல் நிற்கும் அத்தனை முதுகுகளையும் வெகுநேரம் பார்த்தார். இறங்கியபோது மிஸி ஒரு தேத்தண்ணி கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

செயலாளருக்கு எழுத ஓர் எண் வேண்டியிருந்தது. ஒருவரும் ஏறாவிட்டால் எப்படி, இந்த இடத்துக்குப் பொறுப்பு யார் என்று கேட்டார். நாயகம் கையைத் தூக்கினார். அப்படியானால் நீர் ஏறும் என்றார் செயலாளர்.

வரிசை எடுத்த முடிவை மீறுவதற்காக நாயகம் போகவில்லை. பொறுப்பு யார் என்று கேட்டபோது உடம்பு தானாக எழும்பியது. அவர் காலை வைத்தார், கால் தரைக்கு வந்தது. மறுபடி வைத்தார், வந்தது. செயலாளர் குனிந்து பார்த்து, பூச்சியம் என்று முகம் தெளிந்து எழுதினார். தலைநகருக்குப் பூச்சியமும் பயன்படும் போலும். ஏன் என்று ஒரு வரி எழுதவேண்டும், பட்டினியா, கடனா, என்ன காரணம் என்றார்.

நாயகம் செயலாளரைப் பார்க்கவில்லை. வரிசையில் பதினோராவதாக நின்ற ஓட்டோவைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் குணபாலசிங்கம் மாஸ்டர் மற்றவர்களைப் போல முதுகு காட்டி நின்றார்.

"மாஸ்டர், அண்டைக்கு எண்ணெய் இருந்தது" என்றார் நாயகம். "இருநூறு லீற்றர் இருந்தது. கடிதம் இல்லையெண்டு நான் இல்லை எண்டனான்."

தாங்கள் எல்லாரும் சேர்ந்து காட்ட மறுத்த துன்பம் தங்களுக்கு நடுவில் இத்தனை நாள் பம்பைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, ஆறாம் படிக்கு ஆள் தேடிய அவசரத்தில் தரையில் நின்றவரை ஒருவரும் கேட்கவில்லை என்று வரிசைக்கு அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் மெல்லத் திரும்பினார். நடந்து வந்தார். கிட்ட வந்து, ஏணியின் முதலாம் படியில் முதுகு வளைய இருந்துகொண்டார், அதற்கு மேலே தன்னாலும் முடியாது என்பது அவருக்குத் தெரியும் போல.

"எனக்குத் தெரியும் நாயகம். எனக்கு அண்டைக்கே தெரியும், அவசர எண்ணெய் எல்லாச் செட்டிலயும் இருக்குமெண்டு" என்றார். "நான் ஒருக்காத்தான் கேட்டனான். உன்ர காலைப் பிடிச்சு இன்னொருக்காக் கேட்டிருந்தா நீ தந்திருப்பாய். கேக்க எனக்கு வெக்கமா இருந்தது. அம்மாவைத் தள்ளிக்கொண்டு போறன், அப்பவும் எனக்கு வெக்கம்."

சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். நாயகம் அந்த இடத்தில் குந்தினார். இருவரும் நேரே பார்த்துக்கொண்டு, மாஸ்டருடைய தாயைப் பற்றி, அவள் செய்கிற இறால் வடையைப் பற்றி, கடைசியாக வழியில் அவள் தண்ணீர் கேட்டதைப் பற்றி மெதுவாகக் கதைத்தார்கள். நாயகம் தரையில் இல்லை, படியில் இருக்கிறார் என்று கண்டவர் வெள்ளைக்கார அம்மா மட்டுந்தான். அவர் செயலாளரின் கையைப் பிடித்து, எழுதுவதை நிறுத்தச் சொன்னார்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்பது பனிச்சந்துறைக்குத் தெரியாது. ஆடி நடுவில் மண்ணெண்ணெய் திரும்ப வந்தது, ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆவணியில் கப்பல் கரைக்கு வந்தது, எந்த நாடு யாருக்குப் பொறுப்பு நின்றது என்றும் யாரும் சொல்லவில்லை. பவுசர்கள் வந்தன, வரிசை உப்பளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து கோயில் மதிலுக்கும் சுருங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை இல்லாமலே போனது. சனம் வண்டி வண்டியாய் எண்ணெய் அடித்துக்கொண்டு அவரவர் வழியே போனது. சிலர் காரணம் இல்லாமல் செட்டுக்கு வந்து ரயருக்குக் காற்று அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். ஏணி அங்கேயே நிற்கிறது. தேர்தல் வந்தால் அதில் பதாகை கட்டுகிறார்கள்.

கடைசியாக எண்ணெய் அடித்தவர்களில் நளாயினி மிஸியும் ஒருவர். டாங்கி நிறைந்ததும் மூடியைத் திருகிய நாயகத்திடம், நாளைக்குப் புதன்கிழமை, உங்களுக்கு ஓய்வு நாள்தானே, கிரவல்குழிக் குடியிருப்பில் ஒரு பிள்ளையை நிறுக்கவேண்டும், அங்கே கூரை தகரம், தராசைத் தொங்கவிட வளைமரம் இல்லை, போன மாதமும் நிறுக்காமல்தான் வந்தேன் என்றார். மறுநாள் நாயகம் எண்ணெய் மணம் போகக் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு பாயும் ஒரு தண்ணீர்க் குடமும் இருந்தன. பத்தொன்பது வயதுத் தாய், நாற்பது நாள் பிள்ளை. மிஸி தராசை நாயகத்தின் கையில் கொடுத்து, உயர்த்தி ஆடாமல் பிடிக்கச் சொன்னார். பிள்ளையைத் துணித் தொட்டிலில் கிடத்திக் கொளுவினார். முள் அசைந்து அசைந்து நின்றது. நாயகத்தின் முகத்துக்கு நேரே தொங்கிய பிள்ளை அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, பார்த்தது போதும் என்று கொட்டாவி விட்டது.

நாலு கிலோ இருநூறு என்று நாயகம் வாசித்தார். மிஸி எழுத வசதியாக இன்னொருதரம் வாசித்தார்.

தாய் பிள்ளையை எடுத்துக்கொண்டு, புதிய ஆம்பிளையைக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்த்து, இவர் யார் மிஸி என்று கேட்டாள்.

நளாயினி மிஸி அட்டையில் நிறையைக் குறித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கட ஆள்தான்" என்றார்.

நாயகம் வெறும் தொட்டில் தொங்கும் தராசை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். மிஸி எழுதி முடித்து, அட்டையை மடித்து, பேனையை மூடி வைத்த பிறகுதான் அதைக் கண்டார்.

"கை நோகப்போகுது, இறக்குங்கோ" என்றார்.

நாயகத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் போல இருந்தது.